வாசகர் கேள்வி - பதில்: பைண்டுக்குள் இருந்த ஜோக்குகள்

கேள்வி: வீடு மாறும்போது, அப்பா பைண்டு செய்து வைத்திருந்த பழைய ஆனந்த விகடன் தொடர்கதைகள் பரணில் கிடைத்தன. சின்ன வயதில் கதையை விட்டுவிட்டு ஜோக்குகளுக்காகவே அவற்றைப் புரட்டுவேன். இப்போது படித்தால் பாதிக்குச் சிரிப்பே வரவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா, ஜோக்குக்கா?

பதில்: ஜோக்குக்குத்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. மனைவியின் சமையல், பூரிக்கட்டை, மாமியார் வருகை இதெல்லாம் அன்றைக்கே அரைத்த மாவு. நமக்கு அப்போது புதிது, சிரித்தோம். இன்று அந்த மனைவிமார்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. தயங்காமல் தாண்டிப் போங்கள்.

கோபுலு வரைந்த பக்கம் வந்தால் மட்டும் நில்லுங்கள். வசனமே இல்லாமல் படத்தாலேயே ஜோக் சொன்னவர் அவர். சிறு வயதில் கடைசிக் கட்டத்துக்கு ஓடிவிடுவோம். இப்போது முதல் கட்டத்திலேயே அரை நிமிடம் இருந்து பாருங்கள். ஒருவர் துண்டை எந்தத் தோளில் போட்டிருக்கிறார், பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு குனிகிறார் என்பதிலேயே யார் முதலாளி, யார் கடன் கேட்க வந்தவர் என்று தெரிந்துவிடும். உங்கள் பரணில் அவர் படம் வரைந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதை இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கொத்தமங்கலம் சுப்புவின் கதையையும் இந்தமுறை விடாமல் படியுங்கள்.

எங்கள் வீட்டு பைண்டுகளில் ஓரம் வெட்டும்போது பல ஜோக்குகளின் கடைசி வரி போய்விட்டது. சிலவற்றில் பாதிப் படம் தையலுக்குள். நானும் தங்கையும் ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை போடுவோம். முழு ஜோக்கைப் பிற்பாடு நூலகத்துத் தொகுப்பில் படித்தபோதும், தங்கை சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது!

கேள்வி: ஒரு ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் சிறைக்குப் போனாராமே, நிஜமா?

பதில்: நிஜம். 1987-ல், எஸ். பாலசுப்ரமணியன். மேடையில் பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று ஓர் அட்டைப்பட ஜோக். சட்டசபை அதை உரிமை மீறல் என்றது. மன்னிப்புக் கேட்க அவர் மறுத்தார். 3 மாதக் கடுங்காவல் தண்டனை. பத்திரிகை உலகமே கொதித்தது, சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். அவர் அத்தோடு விடவில்லை, வழக்குப் போட்டார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அந்தப் பணத்தை ஃபிரேம் போட்டு வைத்தார். சிரிப்புப் பத்திரிகை நடத்துகிறவருக்கு இவ்வளவு முதுகெலும்பு இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமை.

கேள்வி: பழைய பைண்டுகளில் தாள் பொடிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். நாளடைவில் பசை மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். முழுசாக விரித்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும், பாதி திறந்தே படியுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். பரணில் சூடும் தூசியும் அதிகம், கீழே அலமாரிக்குக் கொண்டுவாருங்கள். ரொம்பப் பிடித்த பக்கங்களைக் கைபேசியில் இப்போதே படம் எடுத்துவிடுங்கள்.