தன்னலமற்ற தலைவர் ஒருவர் இருந்தால் போதாதா, ஆளை மட்டும் பார்க்காமல் வேலை நடக்கும் முறை முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் சிஸ்டம்ஸ் திங்கிங் எல்லாம் எதற்கு? நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

உண்டு. போதாது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தேன், பெயர் வேண்டாம். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் தங்கமான மனுஷன். காலை ஏழரைக்கு வந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் வண்டியை எடுப்பார், ஒரு தீபாவளிக்குத் தன் போனஸைச் செக்கிங் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தார், ஷிப்மென்ட் தள்ளிப்போய் முதலாளி கத்தினால் "என் தப்புங்க" என்று தானே வாங்கிக்கொள்வார். சரி, அந்த ஷிப்மென்ட் ஏன் தள்ளிப்போனது? டையிங்கிலிருந்து, அதாவது சாயம் போட்டு, வரும் ஒவ்வொரு துணி ரோலின் ஷேடையும், அதாவது நிறம் சரியாக இருக்கிறதா என்பதை, அவரே பார்த்து ஓகே சொல்ல வேண்டும். தப்பானால் வேறு யாரும் திட்டு வாங்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அவர் மேசையில் துணித்துண்டுகள் குவிந்து கிடக்கும், கட்டிங் டேபிள் காலியாகக் கிடக்கும், கடைசி இரண்டு நாள் மொத்தப் பேருக்கும் நைட் ஷிப்ட். ஒரு தடவை டைபாய்டில் பத்து நாள் அவர் வரவில்லை. கட்டிங் மாஸ்டரே ஷேட் பார்த்துப் பிரித்தார், ஒன்றும் நிற்கவில்லை. திரும்பி வந்தவர் "நான் இல்லாம ரொம்பச் சிரமப்பட்டிருப்பீங்க" என்று எல்லாவற்றையும் மறுபடி தன் மேசைக்கே எடுத்துக்கொண்டார்.

தன்னலமற்ற தலைவர், சிஸ்டம்ஸ் திங்கிங் இரண்டும் ஒன்றாக இருந்த இடம் என்றால் எனக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைதான். என் அப்பத்தாவுக்கு அங்கேதான் கண்புரை எடுத்தார்கள். எங்கள் ஊர் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, ஆபரேஷன் முடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த பஸ் பின்னால் ஒரு கதை இருப்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தவர். இந்தக் கதையை எல்லோரும் கண் கலங்கச் சொல்வார்கள், சொல்லட்டும். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது, இருக்கிறதிலேயே அரிதான பொருள் டாக்டரின் நேரம்தான் என்று அவர் கண்டுபிடித்தது. ஆபரேஷன் அறையில் இரண்டு மேசை. ஒன்றில் வேலை நடக்கும்போதே அடுத்தவரை நர்ஸ்கள் பக்கத்து மேசையில் தயாராகப் படுக்க வைத்துவிடுவார்கள், டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். டாக்டர்தான் செய்தாக வேண்டும் என்றில்லாத வேலை எல்லாம் கிராமங்களிலிருந்து எடுத்து அங்கேயே பயிற்சி கொடுத்த பெண்களிடம் போனது. எங்கள் மேனேஜர் செய்ததற்கு நேர் எதிர்.

அப்புறம் அந்த பஸ். ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் நிறையப் பேர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தால் பஸ் காசு, சாப்பாடு, கூட வர ஆள் இல்லை, பயம். என் அப்பத்தாவே "கண்ணத் தோண்டிருவானுக" என்று இரண்டு முகாமுக்குப் போகாமல் ஒளிந்தவர்தான். ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் பஸ்ஸையும் சோற்றையும் ஆபரேஷனோடு சேர்த்துவிட்டார்கள், ஊர்க்காரர்களைக் கூட்டமாக அழைத்துப் போனார்கள். அப்படியும் கண் சிகிச்சை தேவைப்படும் கிராமத்து ஆட்களில் 7 சதவீதம் பேர்கூட முகாமுக்கு வருவதில்லை என்று பின்னால் ஓர் ஆய்வு சொன்னது. முகாமே பெருமை என்று இருந்தவர்களுக்கு அது சங்கடமான செய்திதான், ஆனாலும் 2000க்குப் பிறகு சின்ன ஊர்களில் நிரந்தரமாகச் சிறு மையங்கள் திறந்து, வீடியோவில் டாக்டரைப் பார்க்க வைத்தார்கள்.

கண்புரை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒன்று 100 டாலர் அளவில் இருந்தது. 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாக ஒரு தொழிற்சாலை தொடங்கித் தாங்களே செய்து, பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்தார்கள். காசு கொடுப்பவர், கொடுக்காதவர் என்று இரண்டு பக்கம் உண்டு. எந்தப் பக்கம் போவது என்பது நோயாளியின் விருப்பம், வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பார்கள். இலவசக் கூட்டத்தால் டாக்டர் கை பழகுகிறது, கை பழகிய பேருக்காகக் காசு உள்ளவர் வருகிறார், அந்தக் காசில் அடுத்த பஸ் கிளம்புகிறது. இந்தச் சுற்றில் தர்மம் எது, வியாபாரம் எது என்று பிரிக்கப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். இந்த முறையை ஒளித்து வைக்காமல் மற்ற ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே ஒரு பயிற்சி நிறுவனமும் வைத்திருக்கிறார்கள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் வெங்கடசாமியின் தியாகம் அவரோடு நிற்கவில்லை, தம்பி தங்கை, அவர்கள் வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் என்று குடும்பமே இழுபட்டது. அப்படி ஒரு குடும்பம் எல்லாருக்கும் அமையாது, எனக்குச் சத்தியமாக அமையவில்லை.

இப்போது நான் 22 மெஷின் வைத்து ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்கிறேன். ஷேட் பார்ப்பது கட்டிங் மாஸ்டர் பொறுப்பு, நான் தலையிடுவதில்லை. முதல் மாதமே ஷேட் மாறிப்போய் 140 பீஸ் திரும்பி வந்தது. இனி நானே பார்க்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, எங்கே நின்று பார்த்தீங்க மாஸ்டர் என்று கேட்டேன். ஜன்னல் இல்லாத ஒரு மூலையைக் காட்டினார். மேலே மஞ்சள் பல்பு. அன்றைக்குச் சாயங்காலமே பகல் வெளிச்சம் தரும் டியூப் இரண்டு வாங்கி மாட்டினேன்.