சுவரை எழுப்பியது யார்? சபை ஒற்றுமை பற்றிக் கேள்வி பதில்

(இறையியல் கல்லூரியில் சபை வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, சபைக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேன். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வாயை அடைத்துவிட்டார்கள். வேதத்தில் அப்படித்தானே இருக்கிறது?

பதில்: இருக்கிறது, சங்கீதம் 105:15. அதற்கு முந்தைய மூன்று வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். கொஞ்சம் பேராக, பரதேசிகளாக அலைந்த ஆபிரகாம் குடும்பத்தார்மேல் கை வைக்காதே என்று ராஜாக்களுக்குச் சொன்னது அது. நம் ஊரில் மைக் பிடித்தவருக்குக் கேடயமாகிவிட்டது. தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைத் தாவீது தொடவில்லை, சரி. ஆனால் குகையைவிட்டு வெளியே வந்து, சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த தொங்கலைக் காட்டி, சத்தமிட்டு நியாயம் கேட்டானே! கணக்கு கேட்பது கை வைப்பது ஆகாது.

கேள்வி: எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு ஜெபித்தார். வெளியிலிருந்து வரும் நெருக்கடியே போதாதா? உள்ளுக்குள் நாமே குற்றம் சொன்னால் சபை உடையாதா?

பதில்: தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே டச்சு சீர்திருத்த சபை, அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்தில் நிறவேற்றுமை கூடாது என்று 1829இல் முடிவெடுத்தது. வெள்ளையர் சிலருக்குக் கறுப்பரோடு ஒரே மேசையில் உட்கார மனமில்லை. 1857இல் அதே சபையின் உயர் மன்றமான சினட், 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்' தனி ஆராதனை வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. யார் மனமும் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான்! நொந்தது யார் என்று கேட்க ஆளில்லை. 1881இல் 'நிறத்தவர்கள்' என்று அங்கே அழைக்கப்பட்ட கலப்பினத்தவர்களுக்கென்று தனிச் சபையே வந்தது. பிறகு அரசாங்கம் நிறவெறியைச் சட்டமாக்கியபோது வேத ஆதாரம் தயாராக இருந்தது.

1982இல் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டம். தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பிரதிநிதிகள் சிலர் திருவிருந்தில் பங்கெடுக்க மறுத்தார்கள். ஊரில் சேர்ந்து உண்ணாதவர்களோடு இங்கே மட்டும் எப்படி உண்பது என்பதுதான் அவர்கள் வாதம். நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது துர்உபதேசம் என்று அந்தக் கூட்டம் அறிவித்தது. 1881இல் பிரிக்கப்பட்ட சபை 1982லேயே எழுதி 1986இல் ஏற்றுக்கொண்டதுதான் பெல்ஹார் விசுவாச அறிக்கை. திரியேக தேவனை அறிக்கையிட்டதும் அதில் முதலில் வருவதே சபையின் ஒற்றுமைதான். பிறகுதான் ஒப்புரவும் நீதியும். அவர்கள் ஒற்றுமைக்காகத்தான் பேசினார்கள். சுவர் இருக்கிறது என்று சொன்னவரைச் சுவர் கட்டியவராக்குவது பழைய தந்திரம்.

கேள்வி: அது ஆப்பிரிக்கா. நமக்கு எதற்கு?

பதில்: நமக்கா! சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே போனார்கள். இவ்விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனில் பின்னாளில் சேர்ந்தவர்களும் உண்டு. 1947இல் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் மற்றவர்களும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனதைக் கொண்டாடுகிறோம். சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் செத்தவர்களே சேரவில்லை.

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் சொன்னார்கள் என்று என் மாமியார் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டால் அவிசுவாசமாம். எதிர்த்துப் பேசினால் குடும்பத்தில் சண்டை.

பதில்: அம்மா, விவாதம் அப்புறம். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இன்சுலினும் போடுகிறவர் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் பவுல். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. மாமியாரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். கூட்டம் நடத்துகிறவரிடம் மெதுவாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: முதலில் தனியாகப் போய்ச் சொல் என்கிறதே மத்தேயு 18. நேரே முகநூலில் போடலாமா?

பதில்: உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ள தப்பு என்றால் தனியாகப் போங்கள், முகநூல் வேண்டாம். எல்லார் முன்னும் செய்த தப்பு வேறு. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதைவிட்டுப் பேதுரு விலகியபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். பேதுரு பேதுருவாகத்தான் இருந்தார், சபையும் உடையவில்லை.

குழந்தைகள்மேல் யாராவது கை வைத்திருந்தால், மத்தேயு 18ஐ எடுத்துக்கொண்டு கமிட்டி அறைக்குள் போகவே கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம். ஆயரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.