மொட்டைத் தலையப் பாத்தா ஏன் ஒதுங்குறாங்க? வாசகர் கேள்விகள், அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 29. நெத்தி ஏறிக்கிட்டே போச்சு, உச்சியிலயும் சொட்டை விழுந்துருச்சு, இனிமே மறைச்சு மறைச்சு சீவ முடியாதுன்னு மொத்தமா ஷேவ் பண்ணிட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு, வீட்லயும் பழகிட்டாங்க. ஆனா வெளிய முன்பின் தெரியாதவங்க நடந்துக்குறதுதான் புரியல. நான் லிஃப்ட்ல ஏறினா உள்ள நிக்கிறவர் மூலைக்கு நகர்றார், ஒரு அம்மா ஹேண்ட்பேக்க இந்தத் தோள்லேர்ந்து அந்தத் தோளுக்கு மாத்துறாங்க. ஆனா க்யூல இப்பல்லாம் யாரும் என்னைத் தாண்டிக் குறுக்க நுழையறதே இல்ல, கவுன்டர்ல சார்ங்குறாங்க, முன்னாடி தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. நான் அதே ஆள்தானேக்கா?

பதில்: அதே ஆள்தான் தம்பி, சந்தேகமே வேணாம். நீ சொன்ன ரெண்டும், அந்த ஒதுங்குறதும் சரி சார்னு கூப்பிடுறதும் சரி, ஒரே எடத்துலேர்ந்துதான் வருது. அமெரிக்காவுல வார்ட்டன் ஸ்கூல்ங்குற பிசினஸ் கல்லூரில ஆல்பர்ட் மேன்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவருக்கே முடி கொட்டி மொட்டை அடிச்சதுக்கு அப்புறம் தெரியாதவங்க தன்கிட்ட கொஞ்சம் தள்ளி நின்னு மரியாதையா பேசுறத கவனிச்சிருக்கார், அதையே எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2012ல வெளியிட்டார். முடி இருக்குற ஆம்பளைங்க ஃபோட்டோவ எடுத்து, அதே ஃபோட்டோல கம்ப்யூட்டர்ல முடிய மட்டும் நீக்கிட்டுக் காட்டினா, பாத்தவங்க அந்த ஆளை இன்னும் அதிகாரமான ஆளா, கிட்டத்தட்ட ஒரு இன்ச் உயரமா, 13 சதவீதம் பலசாலியா மதிப்பு போட்டிருக்காங்க. கூடவே வயசு கூடத் தெரியுது, அழகு கொறச்சல்னும் சொல்லியிருக்காங்க. முகம் அதே முகம், உடம்பு அதே உடம்பு, மாறினது முடி மட்டும்தான், அப்போ அந்த ஒரு இன்ச் எங்கேர்ந்து வந்துச்சு? பாக்குறவங்க மனசுலேர்ந்துதான் வந்துச்சு.

அவங்க மனசுல அது எப்படிப் போச்சுன்னா, பல வருஷமா சேந்த சரக்கு அது. ராணுவத்துல சேர்ற பசங்களுக்கு முதல் வேலையா முடிய எடுத்துர்றாங்க, ஜெயில்லயும் ரொம்ப காலம் கைதிங்களுக்கு மழிச்சாங்க, 1960கள் கடைசில இங்கிலாந்துல மொட்டைத் தலையோட ஸ்கின்ஹெட்னு கிளம்பின பசங்கள்ல ஒரு கூட்டம் அப்புறம் இனவெறி அடிதடில எறங்கினதுல அந்தப் பேரே கெட்டுப் போச்சு. சினிமாவுல அடியாள்னா மொட்டைத் தலைதான். இன்னொரு பக்கம் பாத்தா ஹாலிவுட் நடிகர் யூல் பிரின்னர் 1951ல ஒரு மேடை நாடகத்துக்காக மொட்டை அடிச்சவர், அதையே தன் அடையாளமா வச்சுக்கிட்டார், பாஸ்கெட்பால் வீரர் மைக்கேல் ஜோர்டன் மொட்டைத் தலையோட ஆடினதப் பாத்து எத்தனையோ பேர் தைரியமா மொட்டை அடிச்சாங்க. எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படுறது வேற ஒண்ணு, புத்த பிக்குவும் மழிச்ச தலைதான், அவர் லிஃப்ட்ல ஏறினா யாராவது பைய மாத்துவாங்களா? அந்தக் காவி உடைய பாத்ததும் அதே தலை சாந்தமாத் தெரியுது. அதனால தலைக்குன்னு ஒரு அர்த்தமும் கெடையாது, பக்கத்துல என்ன இருக்குன்னு பாத்து ஜனங்க ஒரு கதைய ஒட்டிக்கிறாங்க.

நீ செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, சின்ன விஷயம்தான். லிஃப்ட்ல நிக்கிறப்ப எல்லாரும் ஃபோனப் பாத்துக் குனிஞ்சு நிப்போம், யாராவது ஏறினா தலைய தூக்காம கண்ணை மட்டும் மேல தூக்கிப் பாப்போம். அப்படி மோவாய் கீழ எறங்கி கண்ணு மேல போறப்ப, நாம கோவமே படலன்னாலும் புருவம் ரெண்டும் உள்ளாற சரிஞ்சு முறைக்கிற மாதிரி தெரியும், கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல 2019ல இதப் பத்தியே ஆராய்ச்சி வந்துச்சு. முன்முடி இல்லாத முகத்துல புருவம்தான் முதல்ல கண்ணுல படும், அதனால ஒனக்கு இது ரெட்டிப்பா வேலை செய்யும்னு எனக்குத் தோணுது. தலைய நேரா தூக்கிப் பாரு, லேசா ஒரு தலையாட்டல், போதும். அதுக்கு மேல ஊர்ல இருக்குறவங்களுக்கெல்லாம் நான் நல்லவன் நான் நல்லவன்னு பல்லக் காட்டிக்கிட்டே திரியணும்னு ஒரு அவசியமும் இல்ல, அது ஒன் வேலையே இல்ல. பைய மாத்துற அந்த அம்மா மேல மட்டும் கோவப்படாத தம்பி, தனியா ஒரு லிஃப்ட்ல தெரியாத ஆம்பளையோட நிக்கிற பொண்ணு யாரா இருந்தாலும் ஜாக்கிரதையாத்தான் இருப்பா, முடி வச்ச ஆளுகிட்டயும் அப்படித்தான். கொஞ்சம் எடம் விட்டு நில்லு.

இன்னொண்ணு, முடி கொட்டிக்கிட்டு இருக்குறவங்க மொத்தமா எடுத்துட்டா மத்தவங்க பார்வைல அவங்க மதிப்பு கூடலாம்னுதான் அந்த மேன்ஸும் முடிவா எழுதியிருக்கார். நீ செஞ்சது நல்ல முடிவு.

கேள்வி: அக்கா, எங்க அண்ணனுக்கு கீமோ முடிஞ்சிருக்கு. வெளிய கூட்டிட்டுப் போனா யாருன்னே தெரியாதவங்க நேரா வந்து என்ன சார் கேன்சரான்னு கேக்குறாங்க, பக்கத்து சீட்ல இருந்தவர் அவங்க சொந்தக்காரர் எப்படி எறந்தார்னு கதை சொல்ல ஆரம்பிச்சுட்டார். இப்ப அண்ணன் வாசலுக்கே வர மாட்டேங்குறார்.

பதில்: படிக்கவே வயிறு எரியுதும்மா. ஷேவ் பண்ணவருக்குப் புருவம் இருக்கும், கீமோவுல நெறைய பேருக்குப் புருவமும் இமை முடியும் சேந்து போயிரும், அதை வச்சு ஜனங்க கண்டுபிடிச்சுர்றாங்க, கண்டுபிடிச்சுட்டா கேக்குறதுக்கு உரிமை வந்துட்ட மாதிரி நெனச்சுக்குறாங்க. அப்படி ஒரு உரிமை யாருக்கும் கெடையாது. தன் உடம்புல என்ன நடக்குதுன்னு வழில போறவங்களுக்கு உங்க அண்ணன் பதில் சொல்லியே ஆகணும்னு இல்ல. நல்லா இருக்கேங்கன்னு ஒரே வார்த்தை, சொல்லிட்டு முகத்தத் திருப்பிக்கலாம், அது மரியாதைக் கொறைவு ஆகாது. நீங்க முந்திக்கிட்டு அவருக்காகப் பதில் சொல்லாதீங்க, வெளிய கெளம்புறதுக்கு முன்னாடியே அண்ணே யாராவது கேட்டா நான் பேசட்டுமா நீ பேசுறியான்னு கேட்டுக்கோங்க. பெரும்பாலும் கீமோ முடிஞ்ச சில வாரத்துல முடி திரும்ப மொளைக்க ஆரம்பிச்சுரும், புருவமும் வந்துரும், அதையும் அவருக்கு சொல்லுங்க.

கேக்குற பழக்கம் இருக்குறவங்க இதைப் படிச்சா ஒரு நிமிஷம் நில்லுங்க. முடியும் புருவமும் இல்லாத எல்லாருக்கும் கேன்சர் கெடையாது. அலோபீசியா அரியேட்டான்னு ஒண்ணு இருக்கு, உடம்போட எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குறதுல கொட்டிரும், ஒட்டுவியாதி கெடையாது. 2002 உலகக் கோப்பை ஃபுட்பால் ஃபைனலுக்கு ரெஃப்ரியா இருந்த இத்தாலிக்காரர் பியர்லூயிஜி கொலினாவுக்கு இருக்குறது அதுதான். ஒரு முகத்தப் பாத்து நோய் என்னன்னு முடிவு கட்டுறத விட்டுருங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: ஷேவ் பண்ணிக்கிட்டே இருந்தா அடர்த்தியா வளரும்னு பாக்குறவங்கல்லாம் சொல்றாங்களே, நெசமா?

பதில்: வளராது. வேர் தோலுக்கு அடியில இருக்கு, பிளேடு அங்க போறதே இல்ல. 1928லயே சோதிச்சுப் பாத்து இல்லன்னு சொல்லிட்டாங்க. வெட்டின நுனி தட்டையா இருக்குறதுல கையில சொரசொரன்னு படும், அவ்ளோதான். வெயில்ல போறப்ப தலைக்கு சன்ஸ்கிரீன் போடுங்க, இல்ல தொப்பி வைங்க.

கேள்வி: பஸ்ல என் 4 வயசுப் பையன் ஒருத்தரைக் கைகாட்டி அம்மா மொட்டை மொட்டைன்னு கத்திட்டான். எனக்கு மானமே போச்சு, வாயைப் பொத்திட்டேன்.

பதில்: வாயைப் பொத்தினா அந்தத் தலை என்னமோ பேசக்கூடாத விஷயம்னு புள்ள கத்துக்கும். அவருக்கும் அதுதான் வலிக்கும், புள்ள கத்தினது வலிக்காது. சாதாரண கொரல்ல ஆமா கண்ணா, அந்த மாமாவுக்கு முடி இல்ல, சில பேருக்கு இருக்கும் சில பேருக்கு இருக்காதுன்னு சொல்லுங்க. அவரையும் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிருங்க. கைகாட்டிப் பேசக்கூடாதுங்குறத வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுங்க.

கேள்வி: ஆஃபீஸ் வேலையா வெளியாளுங்கள சந்திக்கிறேன், முதல் தடவை பாக்குறவங்க கூட விளையாட்டா தலையத் தடவிப் பாக்குறாங்க. பெயர் வேண்டாம்.

பதில்: முடி இருக்குறவர் தலைல இப்படிக் கை வைப்பாங்களா? மாட்டாங்க. அதனால இதை விளையாட்டுன்னு நீங்க எடுத்துக்கணும்னு இல்ல. இங்கிலாந்துல 2022ல ஒரு தொழிலாளர் தீர்ப்பாயம், வேலை எடத்துல ஒருத்தரை மொட்டைன்னு திட்டினத பாலினம் சார்ந்த துன்புறுத்தல்னே தீர்ப்பு சொல்லியிருக்கு, முடி கொட்டுறது பெரும்பாலும் ஆம்பளைங்களுக்கு வர்றதுங்குறதுதான் காரணம், 2023ல அப்பீல்லயும் அந்தத் தீர்ப்பு நின்னுச்சு. வார்த்தைக்கே அப்படின்னா கை வைக்கிறதுக்கு என்ன சொல்றது? அடுத்த தடவை யாராவது கை வச்சா அந்தக் கைய மெதுவா எடுத்து விட்டுட்டு, தொடாதீங்க சார், எனக்குப் பிடிக்காதுன்னு சொல்லுங்க. சொல்றப்ப சிரிச்சுராதீங்க, சிரிச்சா மறுபடியும் வைப்பாங்க.