மீன் தொட்டியில் காலையில் பிஎச் 7, மாலையில் 9.3: வினிகர் ஊற்றிக் குறைக்கலாமா?

தயவுசெய்து ஊற்றாதீர்கள். மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து நிரப்பிய சிமெண்ட் தொட்டி, தண்ணீர் பச்சை, கட்லா குஞ்சுகள் விட்டிருக்கிறேன் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் இதே நிலைமைதான். கடலூர் பக்கம், போர் தண்ணீர் உப்பு என்பதால் ஐப்பசி மழையைப் பிடித்து நிரப்பினோம். பத்தடிக்கு ஆறடி, மூன்றடி ஆழம், ஏறக்குறைய 5000 லிட்டர். மாலையில் 9-ஐத் தாண்டுகிறதே என்று பயந்து, மூன்று நாள் சாயங்காலம் ஒவ்வொரு லிட்டர் வினிகர் ஊற்றினேன். நான்காம் நாள் விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பிஎச் துளி மருந்து விட்ட சோதனைக் குழாயில் தண்ணீர் சுத்த மஞ்சள். கூட வரும் நிற அட்டையில் அதுதான் கடைசி நிறம், பிஎச் 6. நாற்பதில் பதினொன்று போய்விட்டன.

மாலையில் ஏறியது கிருமியாலோ அழுக்காலோ அல்ல. பச்சைத் தண்ணீர் என்றால் அதில் நிறைய பாசி இருக்கிறது. வெயில் அடிக்கும்போது பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். அந்த வாயு தண்ணீரில் அமிலம் போல இருப்பதால், அது குறையக் குறைய பிஎச் ஏறும். ராத்திரி பாசியும் மீனும் மூச்சு விட்டு அதைத் திரும்பத் தண்ணீரில் சேர்க்க, விடிவதற்குள் இறங்கிவிடும். எல்லாத் தொட்டியிலும் இது நடக்கிறது. உங்கள் தொட்டியில் இவ்வளவு ஆடுவதற்குக் காரணம் மழைநீர். அதில் பைகார்பனேட் மிகக் குறைவு, அதனால் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. வினிகர் இருக்கிற கொஞ்சத்தையும் கரைக்கும். போதாததற்கு அது பாக்டீரியாவுக்குத் தீனி. அதைத் தின்று தீர்க்கும்போது ராத்திரியில் பிராணவாயுவையும் தீர்த்துவிடும். என் குஞ்சுகள் செத்தது பெரும்பாலும் அதனால்தான்.

அதனால் பிஎச்சோடு, தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு என்று காட்டும் கேஹெச் சோதனையும் செய்யுங்கள். மீன் தொட்டி சாமான் விற்கும் கடையில் துளிப் புட்டியாகக் கிடைக்கும். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். முதலில் நீலமாக இருக்கும், ஒரு துளியில் சட்டென்று மஞ்சளாகிவிடும். அதுவரை எத்தனை துளி என்று எண்ணுங்கள். பெரும்பாலான புட்டிகளில் ஒரு துளி என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் (கால்சியம் கார்பனேட் அளவில்) என்று கணக்கு. எனக்கு அன்று முதல் துளியிலேயே மஞ்சள். ஐந்தாறு துளியாவது இருக்க வேண்டும்.

இந்தத் துளிக் கணக்கைக் கூட்ட ஆப்ப சோடா போதும். ஒரு துளி அளவு கூட்ட 1000 லிட்டருக்குச் சுமார் 30 கிராம். 5000 லிட்டரில் நான்கு துளி கூட்ட 600 கிராம். ஒரே நாளில் கொட்டாமல் நான்கு நாளாகப் பிரித்து, காலையில் வாளித் தண்ணீரில் கரைத்துப் பரவலாக ஊற்றுங்கள். ஏற்கெனவே 9 காட்டுகிற தண்ணீரில் சோடாவா என்று மனசு தயங்கும். எனக்கும் கை வரவில்லை. ஆனால் ஆப்ப சோடா தானாக 8.3 பக்கம்தான் நிற்கும். மாலை ஏற்றத்தையும் காலை இறக்கத்தையும் அதுதான் மட்டுப்படுத்தும். சுண்ணாம்பை மட்டும் தொடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு மீன் இருக்கிற சின்னத் தொட்டியில் பிஎச்சை ஒரேயடியாக ஏற்றிவிடும். வெங்காயம் வரும் வலைப்பையில் கிளிஞ்சல் கட்டித் தொங்கவிடலாம், அது மெதுவாகக் கரையும்.

பிஎச்சை எப்போதும் இரண்டு வேளை பாருங்கள். விடிவதற்கு முன் ஒன்று, மாலை மூன்று, நான்கு மணிக்கு ஒன்று. மேல் தண்ணீரை எடுக்காமல் முழங்கை ஆழத்தில் எடுத்து, அங்கேயே நின்று சோதியுங்கள். புட்டியில் அடைத்துக் கடைக்குக் கொண்டுபோவதற்குள் எண் மாறிவிடும். துளி மருந்தில் சாதாரணமாகக் கிடைப்பது 7.6 வரைதான் காட்டும், உங்களுக்கு அதிக அளவு காட்டும் இன்னொரு புட்டி வேண்டும். பேனா போன்ற பிஎச் மீட்டர் என்றால் கூட வரும் 6.86, 9.18 பொடிகளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். அதன் முனை காய்ந்தால் பொய் சொல்லும். புதுத் தொட்டியாக இருந்தால் சிமெண்டிலிருந்தும் சுண்ணாம்புச் சத்து இறங்கும். அதன் அடையாளம், காலையிலும் பிஎச் குறையாமல் உயரத்திலேயே நிற்பது. உங்களுக்குக் காலையில் 7 என்பதால் அது இல்லை.

சோடா வேலை செய்யும்வரை மதியத்துக்கு மேல் தீவனம் போடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் விஷமான பகுதி பிஎச் 7-இல் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மாலையில் மீன் சோர்ந்து ஓரமாக நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். தொட்டியின் பாதிக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள், பாசி அடங்கும். ராத்திரி முழுக்க, தண்ணீரில் காற்றடிக்கும் ஏரேட்டர் ஓடட்டும்.

இப்போது எங்கள் தொட்டியில் ஆறு துளி. காலை 7.6, மாலை 8.4. பெருமழை பெய்த மறுநாள் மட்டும் மறுபடி துளி எண்ணிப் பார்த்து, குறைந்திருந்தால் ஒரு கை சோடா சேர்க்கிறோம். உங்கள் தொட்டியில் எத்தனை துளி, தொட்டியின் நீளம், அகலம், ஆழம் எவ்வளவு என்று கீழே எழுதுங்கள். எவ்வளவு சோடா என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.