பீட்டில் என்ஜின் பறக்குமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் 1969 வொக்ஸ்வேகன் பீட்டில் கொட்டகையில் கிடக்கிறது. காரின் கூடு உக்கிப்போய்விட்டது, ஆனால் 1500 என்ஜின் இன்னும் ஸ்டார்ட் ஆகிறது. இதைக் கழற்றி ஒரு சின்ன விமானத்தில் பூட்டிப் பறக்கிறார்களாமே, உண்மையா? (ஹட்டனிலிருந்து ஓர் இளைஞர்)

பதில்: உண்மைதான் தம்பி. பிரான்ஸில் வடிவமைத்த டர்புலன்ட், அமெரிக்காவின் எவன்ஸ் வி.பி.1 போன்ற சின்ன விமானங்கள் எல்லாம் இந்த என்ஜினில்தான் பறந்தன. ஜெர்மனியின் லிம்பாக் நிறுவனம் இதை அடிப்படையாக வைத்து, மோட்டார் கிளைடர்களுக்கு முறையான அனுமதி பெற்ற என்ஜினே செய்தது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, நான்கு சிலிண்டரும் எதிரெதிராகப் படுத்திருக்கும் அமைப்பும் லைகோமிங், கொன்டினென்டல் விமான என்ஜின்களின் அமைப்பேதான்.

ஆனால் ஸ்டார்ட் ஆகிறது என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கார் சமதரையில் ஓடும்போது என்ஜின் தன் பலத்தில் ஒரு பங்கைத்தான் கொடுக்கிறது, விமானத்திலோ முக்கால் பலத்தை மணிக்கணக்காக விடாமல் கேட்பார்கள், அந்தச் சூடு முழுவதும் சிலிண்டர் ஹெட்டில், அதுவும் எக்ஸோஸ்ட் வால்வைச் சுற்றித்தான் போய்ச் சேரும். நான் கராஜில் வேலை பழகிய காலத்தில் ஒரு பீட்டில் வந்தது. யாரோ என்ஜினைச் சுற்றியிருந்த தகடுகளைத் தேவையில்லை என்று கழற்றிப் போட்டிருந்தார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றினால் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு விளிம்பில் நகம் கடித்தது போல ஒரு துண்டு இல்லை. அந்தத் தகடுகள் அழகுக்கு இல்லை, ஃபேன் தள்ளும் காற்று செதில்களுக்கு நடுவே போகாமல் வெளியே தப்பிவிடாதபடி தடுப்பவை. விமானத்தில் ஃபேனையே எடுத்துவிடுவார்கள், அப்போது காற்றை வழிநடத்தும் தகடுகளை நீங்களே வெட்டி, ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் பொருத்த வேண்டும். என்னைக் கேட்டால் இந்த மாற்றத்தில் பாதி வேலை தகர வேலைதான். பிளக்குக்கு அடியில் வொஷர் மாதிரி வைக்கும் வெப்ப சென்சர் நான்கு சிலிண்டருக்கும் கட்டாயம் வேண்டும். முழு பலத்தில் மெதுவாக மேலே ஏறும்போதுதான் காற்று குறைவு, சூடு அதிகம்.

அடுத்தது கிராங்க், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. பலர் புரொப்பெல்லரை, ஃபேன் பெல்ட் ஓடும் புல்லி இருந்த பக்கம் பூட்டுகிறார்கள். அந்த முனை பெயாரிங் 40 மி.மீ., மற்ற மூன்றும் 55. மூக்கு திரும்பும்போது சுழலும் புரொப்பெல்லர் முறுக்கும் விசை முழுவதும் அந்தச் சின்ன முனையில்தான் விழும். அதனால்தான் இதற்கென்றே அடித்துச் செய்த கிராங்கும், புரொப்பெல்லரைத் தாங்க, சூடாக்கி இறுக்கிய ஹப்பும் போடுகிறார்கள். தாத்தாவின் பழைய கிராங்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

பலத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் என்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 44 குதிரைவலு. நேரடியாகப் பூட்டிய புரொப்பெல்லரை அவ்வளவு வேகமாகச் சுற்ற முடியாது, 1.8 மீட்டர் நீளமானதை 3300 சுற்றில் விட்டாலே அதன் நுனி ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தொடும். அதனால் சுமார் 1.35 மீட்டர் குட்டைப் புரொப்பெல்லர்தான், அது தள்ளும் காற்றும் குறைவு. இதோடு நம்ம மலையின் உயரமும் சேர்கிறது. ஹட்டன் உயரத்தில் பலம் எட்டில் ஒரு பங்கு குறையும், நுவரெலியா 1868 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இங்கே ஏறத்தான் பலம் வேண்டும், இறங்கும் இடமோ தேயிலைச் சரிவு. ஆகவே செய்வதென்றால் என்ஜினை இங்கே கட்டுங்கள், பறப்பதைத் தாழ்நிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் முதலில் பேசுங்கள், அனுமதியில்லாமல் எதுவும் மேலே போகக்கூடாது. வீட்டில் செய்வது நம்ம நாட்டில் நடக்காத காரியமும் இல்லை, பொறியியலாளர் ரே விஜேவர்தன தானே இலகுரக விமானங்களைச் செய்து தானே ஓட்டினார்.

கேள்வி: த்ரீவீல் என்ஜினில் பறக்கலாமா? (பதுளை, ஒரு மாணவர்)

பதில்: வேண்டாம். பத்துக் குதிரைவலுவுக்குப் பக்கம்தான் இருக்கும், ஆளையும் இறக்கையையும் சேர்த்துத் தூக்காது. அதைப் பிரித்துப் பூட்டிப் பழகுங்கள், நல்ல பள்ளிக்கூடம்.

கேள்வி: பனிக்கட்டி பெய்யாத நாட்டில் காபரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்கிறார்களே? (பண்டாரவளை, ஓர் ஆசிரியை)

பதில்: பிடிக்கும் டீச்சர். பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது, குறுகிய குழாயில் காற்றின் அழுத்தமும் விழுகிறது, இரண்டும் சேர்ந்து உள்ளே 20 பாகைக்கு மேல்கூடக் குளிரலாம். வெளியே 15 பாகை, மூடுபனி என்றால் நுவரெலியாக் காலை இதற்கென்றே செய்தது போலத்தான். பீட்டிலில் எக்ஸோஸ்ட் புகையை மெல்லிய குழாயில் கொண்டுவந்து இன்டேக்கைச் சூடாக்குவார்கள், பழைய கார்களில் அது கரி அடைத்துக் கிடக்கும், தட்டிப் பாருங்கள். விமானத்தில் அதற்குப் பதிலாக, எக்ஸோஸ்ட்டைச் சுற்றிய உறையிலிருந்து சூடான காற்றைக் காபரேட்டருக்குத் திருப்பும் ஒரு கதவு, அதை இழுக்கும் கம்பி விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.