சினிமா கேள்வி-பதில்: ‘அமெலி’யின் பச்சையும் குறும்பும்

கேள்வி: பிரெஞ்சுப் படம் ‘அமெலி’யின் சிவப்பு-பச்சை நிறத்தை என் குறும்படத்தில் கொண்டுவரப் பார்த்தேன். முகமெல்லாம் பச்சை பூத்துவிட்டது. ஏன்?

பதில்: கணினியில் ஆரம்பித்ததால். இயக்குநர் ழான்-பியேர் ழெனேவும் ஒளிப்பதிவாளர் புரூனோ டெல்போனலும் 2001-இல் வெளியான இந்தப் படத்துக்கு டிஜிட்டல் கலர் கிரேடிங் (எடுத்த படத்தின் நிறத்தைக் கணினியில் மாற்றுவது) செய்தது உண்மைதான். ஆனால் நாயகி அமெலியின் படுக்கையறைச் சுவரே சிவப்பு; அவள் உடுத்துவதும் பெரும்பாலும் சிவப்பு, பச்சை. வெள்ளைச் சுவர் வேண்டாம், சாயம் முதலில் அதில்தான் தெரியும். எல்லா விளக்கும் 3200 கெல்வினாக (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) இருக்கட்டும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை (ஒளிக்கேற்ப நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் வசதி) அணைத்து, கேமராவை 4000-இல் பூட்டினால் இளமஞ்சள் தானாக வரும். ஆட்டோவில் விட்டால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் ஓடும். எடிட்டிங்கில் தோலைத் தனியே பிரித்துவிட்டு, நிழல்களில் மட்டும் பச்சை சேருங்கள். வெக்டர்ஸ்கோப்பில் (நிறங்களை வட்ட வரைபடமாகக் காட்டும் கருவி) தோல் நிறத்துக்கான கோட்டிலிருந்து முகத்தின் நிறம் நகர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கடைசியாக, ஃபிரேமில் எங்காவது ஒரு சின்ன நீலம். அது இல்லாவிட்டால் மொத்தமும் பழுப்பாகத் தெரியும்.

கேள்வி: பிறரை மகிழ்விக்கும் காட்சி எழுதினாலே உபதேசமாகிவிடுகிறது. இந்தப் படம் எப்படித் தப்பித்தது?

பதில்: உதவுபவளை ஒளித்து வைத்து. குளியலறைச் சுவருக்குள் கிடைத்த தகரப் பெட்டியை அமெலி நேரில் கொடுப்பதில்லை. உரியவர் கடந்துபோகும்போது தொலைபேசிக் கூண்டில் மணி அடிக்க வைக்கிறாள். உள்ளே போனவர் தன் சிறுவயதுப் பொருள்களைப் பார்க்கிறார். பிறகு ஒரு கஃபேயில் அவள் பக்கத்திலேயே நின்று, மகளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. நன்றி சொல்ல ஆளில்லாததால் வசனம் மிச்சம்!

இன்னொன்று, அவள் முழு நல்லவளும் இல்லை. உதவியாளனை இழிவுபடுத்தும் காய்கறிக் கடைக்காரர் வீட்டில் புகுந்து செருப்பின் அளவை மாற்றுகிறாள், பற்பசை இருந்த இடத்தில் பாதக் களிம்பை வைக்கிறாள். அவள் வேலை செய்யும் கஃபேயில் சேர்த்துவைத்த ஜோடியும் நிலைப்பதில்லை. அந்த ஆளின் சந்தேகப் புத்தி திரும்பிவிடுகிறது. உங்கள் கதையிலும் ஒரு உதவியாவது தோற்கட்டும்.

கேள்வி: அமெலி வேலை செய்யும் அந்தக் கஃபே செட்டா?

பதில்: நிஜம். பாரிஸ், மோன்மார்த்ர், ரூ லெபிக் தெருவில் இருக்கிறது. சிகரெட் விற்கும் கவுண்டர் மட்டும் இப்போது இல்லை.