எங்கப்பா காசு

அன்புள்ள சார்,

பத்து வருடமாக அமெரிக்காவில், நாஷ்வில்லில் இருக்கிறேன். எங்கள் டென்னசி மாநிலத்தில் 2023 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்றவன், செத்தவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு 18 வயதாகிப் பள்ளிப் படிப்பு முடியும்வரை பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். நண்பர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு மட்டும் நெருடுகிறது. அப்பாவைக் கொன்றவன் காசிலா பிள்ளை சாப்பிட வேண்டும்? மாதம் பிறந்தால் அவன் ஞாபகமும் வீட்டுக்குள் வராதா?

ஆர்., நாஷ்வில்

அன்புள்ள ஆர்.,

இருபத்துமூன்று வயதில் திருச்சியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். பெரும்பாலும் விபத்து கேஸ்கள். ஒரு பாட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். கொத்தனார் வேலை பார்த்த மகனைக் குடிபோதையில் வந்த லாரி டிரைவர் அடித்துப்போட்டிருந்தார். நஷ்டஈட்டில் மைனர் பங்கைப் பேங்கில் டெபாசிட் போட்டு, வட்டியை மட்டும் பாட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று கோர்ட் உத்தரவு. மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் பாஸ்புக். கூடவே ஏழு வயதுப் பேத்தி. நான் படிவம் நிரப்பி முடிப்பதற்குள் அது மேஜை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கேட்கும், "எங்கப்பா காசு வந்துருச்சா?"

அந்தப் பணத்தைக் கட்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. வீட்டில் அதற்குப் பாட்டி வைத்த பெயர் வேறு. டென்னசியிலும் குற்றவாளி நேராக வீட்டுக்குச் செக் அனுப்புவதில்லை. கோர்ட் அலுவலகத்தில் கட்ட வேண்டும், அங்கிருந்துதான் பிள்ளையை வளர்ப்பவருக்குப் போகும். அதை என்ன பெயர் சொல்லி எடுத்துக்கொள்வது என்பது அந்த வீட்டுப் பெரியவர்கள் கையில்.

ஞாபகம் வரவேண்டியது இன்னொருவருக்கு. அந்த லாரி டிரைவரைக் கிரிமினல் கோர்ட் வாய்தாவில் ஒருமுறை பார்த்தேன். செத்தவருக்குப் பிள்ளை இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போதும் நம் ஊரில் போதை கேஸ் என்றால், "முதலில் கம்பெனி கொடு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்" என்று பல தீர்ப்புகள். ஓட்டியவர் பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை.

உங்கள் சட்டத்துக்கு முதலில் குரல் கொடுத்தவரும் ஒரு பாட்டிதான். பக்கத்து மாநிலமான மிசௌரியில் 2021இல் மகனையும், மகனுக்கு நிச்சயித்த பெண்ணையும், கைக்குழந்தைப் பேரனையும் ஒரே விபத்தில் இழந்து, மிச்சமிருந்த இரண்டு பேரன்களை வளர்க்க உட்கார்ந்தவர். அவருக்கு இது கௌரவப் பிரச்சினையாக இருந்திருக்காது, பால் வாங்குகிற பிரச்சினை.

அங்கே அது ஏன் பெரிய பிரச்சினை என்றால், டென்னசியில் வண்டிக்குக் கட்டாய இன்சூரன்ஸ், அடிபட்ட ஆளுக்கு 25,000 டாலர் இருந்தால் போதும். ஒரு பிள்ளையை ஆளாக்க அது எந்த மூலைக்கு? நம் ஊரில் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில் உயிரிழப்புக்கு உச்சவரம்பே கிடையாது. செத்தவர் வயது, வருமானம், நம்பியிருந்தவர் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு வருவது எவ்வளவோ, அவ்வளவையும் கம்பெனி கொடுக்க வேண்டும். வருடக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், அது வேறு கதை. (இதில் நாம் அமெரிக்காவைவிடப் பரவாயில்லை என்று எழுத எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.)

சட்டத்தில் எனக்கு உள்ள குறை வேறு. அங்கே இந்தக் குற்றத்துக்கு 8 முதல் 30 வருடம் வரை சிறை. உள்ளே இருப்பவன் எதைக் கட்டுவான்? வெளியே வந்து ஒரு வருடத்துக்குள் ஆரம்பித்தால் போதும் என்கிறது சட்டம். பிள்ளைக்கு 18 தாண்டினாலும் பாக்கி தீரும்வரை கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஆறு வயதில் வேண்டிய செருப்புக்கும் ஸ்கூல் பைக்கும் இருபது வயதில் பணம் வந்து என்ன செய்வது?

அரசாங்கம் மாதாமாதம் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, அவன் வெளியே வந்ததும் அவனிடம் வசூலித்துக்கொள்ளட்டும். பிள்ளையின் பசி அவன் விடுதலைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். டென்னசியில் யாராவது அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா? தெரிந்தால் எழுதுங்கள்.